ராகியும் சாமையும் கப்பல் ஏற: தர்மபுரி, கிருஷ்ணகிரி வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

துபாயிலோ சிங்கப்பூரிலோ மளிகைக் கடை வைத்திருக்கும் யாராவது ஒருவர் கேட்பார்: "ராகி மாவும் சாமை அரிசியும் அனுப்புவீங்களா?" அதே மூச்சில், "அப்படியே கோதுமை மாவும் கொஞ்சம் சேர்த்துப் போட்டு விடுங்க" என்பார். நம் இரு மாவட்டங்களில் ஏற்றுமதி ஆசை பெரும்பாலும் இப்படித்தான் முளைக்கிறது. முதல் கேள்விக்குத் தாராளமாகச் சரி சொல்லலாம். இரண்டாவதற்கு, அன்றைய விதியைப் பார்க்காமல் சரி சொன்னால் கன்டெய்னரே துறைமுகத்தில் நிற்கும்.

நான் அலைந்தபோது ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி தெரிந்திருந்தது, கிளியரிங் ஏஜென்ட்டுக்குத் துறைமுகம் தெரிந்திருந்தது, மண்டிக்காரருக்குச் சரக்கு தெரிந்திருந்தது. மூன்றையும் கோத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். பலர் நாலாவது படியில் தொடங்கிப் பதிவுகளை எல்லாம் முடித்துவிட்டு, அனுப்ப நினைத்த சரக்குக்கு அனுமதியே இல்லை என்று பிறகு தெரிந்துகொள்கிறார்கள்.

1. சரக்குக்கு முன்னால் எச்எஸ் எண்

சுங்கத்துக்கு உங்கள் மூட்டை ராகி அல்ல, சரக்கை வகைப்படுத்தும் ஓர் எண்; அதுதான் எச்எஸ் எண். தடையும் வரியும் சலுகையும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். நம் பக்கத்துச் சரக்குகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் நான்கு இலக்கங்கள் இவை:

- கோதுமை 1001, கோதுமை மாவு மற்றும் மைதா 1101
- நெல், அரிசி, குருணை எல்லாம் 1006
- சோளம் 1007
- ராகி, கம்பு, உமியுள்ள சாமை, தினை, வரகு 1008
- ராகி மாவு போன்ற பிற தானிய மாவு 1102, ரவை 1103
- உமி நீக்கிய சாமை, தினை, வரகு 1104
- சேமியா 1902

கடைசிக்கு முந்தைய வரியை மறுபடி படியுங்கள். சுங்க அட்டவணையில் தானியங்களுக்கான 10ஆம் அத்தியாயத்தின் குறிப்பின்படி, உமி நீக்கிய தானியம் அந்த அத்தியாயத்தை விட்டு வெளியே போய்விடும். விதிவிலக்காக நெல் உமி நீக்கினாலும் 1006லேயே இருக்கும். அதனால் சித்தேரி மலையில் வாங்கிய சாமையை அப்படியே அனுப்பினால் 1008, மில்லில் போட்டு அரிசியாக்கி அனுப்பினால் 1104. இதைப் பல ஏஜென்ட்டுகளும் கவனிப்பதில்லை. எட்டு இலக்கம் வரை எந்த எண் என்பதை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

இன்வாய்ஸில் சரக்கின் பெயரை எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. நாம் வாயில் "சாமை அரிசி" என்கிறோம் என்பதற்காக "மில்லட் ரைஸ்" என்று எழுதாதீர்கள். அரிசிக்குத் தடை இருந்த 2023–24 காலத்தில் "ரைஸ்" என்ற ஒரு சொல்லே கேள்வி கேட்கப் போதுமானதாக இருந்தது. "உமி நீக்கிய லிட்டில் மில்லட்" என்று எழுதி, தாவரவியல் பெயரையும் போட்டுவிட்டால் அதிகாரிக்கும் வேலை குறையும்.

கலப்பு மாவு இன்னொரு கண்ணி. நம் ஊர்க் கடைகளில் "மல்டிகிரெய்ன் ஆட்டா" என்று விற்பதில் பெரும்பங்கு கோதுமைதான். பாக்கெட்டின் மேல் ராகிக் கதிர் படம் போட்டிருந்தாலும், கோதுமை மிகுந்திருந்தால் அது 1101 பக்கம்தான் சாயும். ராகி சேமியாவிலும் கோதுமை மாவு இருக்கும், ஆனால் அதன் தலைப்பே வேறு. எனவே எந்தக் கலவையாக இருந்தாலும் பொருட்களின் சதவீதத்தை எழுதி, அந்தத் தாளோடு எண்ணைக் கேளுங்கள்.

2. அந்த எண்ணுக்கு இன்றைய கொள்கை என்ன

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் ஏற்றுமதிக் கொள்கை அட்டவணை இருக்கிறது. வியாபாரத்தில் எல்லோரும் டிஜிஎஃப்டி என்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே தடையற்றது, கட்டுப்படுத்தப்பட்டது, தடை செய்யப்பட்டது என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். அட்டவணையோடு நிறுத்தாமல் அதே தளத்தில் அண்மை அறிவிக்கைகளையும் பாருங்கள். அட்டவணையை மாற்றுபவை அவைதான்.

எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்குச் சில தேதிகள். கோதுமை 2022 மே 13 அன்று தடைப் பட்டியலுக்குப் போனது. அரசுக்கு அரசு என்ற முறையில், உணவுத் தேவைக்காகக் கேட்கும் நாடுகளுக்கு வழி வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கோதுமை மாவையும் தடுத்தார்கள். செப்டம்பரில் குருணை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. 2024 செப்டம்பர் இறுதியில் வெள்ளை அரிசியைத் திறந்தபோது டன்னுக்கு 490 டாலர் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அடுத்த மாதமே அதையும் எடுத்தார்கள். 2025 செப்டம்பரில் பாசுமதி அல்லாத அரிசி ஒப்பந்தங்களை வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எபீடாவில் பதிவு செய்த பிறகே அனுப்பலாம் என்று வந்தது. "அரிசி ஃப்ரீ ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால், அதோடு நிபந்தனை ஏதும் உண்டா என்றும் கேளுங்கள்.

இந்தச் சங்கிலியில் ராகியும் சாமையும் மாட்டவில்லை. அதுதான் நமக்குச் சாதகம். ஆனால் நாளை மாட்டாது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆர்டர் எடுக்கும் அன்று, சரக்கு வாங்கும் அன்று, லாரி கிளம்பும் அன்று என மூன்று முறை பாருங்கள். காசில்லாத வேலை.

"கோதுமை கோட்டா வாங்கித் தர்றேன், முன்பணம் கொடுங்க" என்று வருபவர்கள் வாட்ஸ்அப்பில் நிறைய. அரசுக்கு அரசு ஒதுக்கீடு அப்படிக் கைமாறும் பண்டம் அல்ல. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

3. கையெழுத்து ஆன பிறகு தடை வந்தால்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தப் பணமும் போவது இங்கேதான்.

வாங்குபவரோடு ஒப்பந்தம் இருக்கிறது, முன்பணம் வந்துவிட்டது, அதனால் நமக்குத் தடை பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 1.05 பத்தி பாதுகாப்புத் தருவது, வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி சொல்லும், ரத்து செய்ய முடியாத கடன் கடிதத்துக்கு, அதாவது எல்சிக்கு. தடை வருவதற்கு முன்பே அது திறக்கப்பட்டிருக்க வேண்டும். தடை வந்த 15 நாட்களுக்குள் டிஜிஎஃப்டியின் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்சியின் மூல கெடுவுக்குள் சரக்கு கிளம்ப வேண்டும். வெறும் ஒப்பந்தத் தாளுக்கோ வங்கிப் பரிமாற்றம் மூலம் வந்த முன்பணத்துக்கோ இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

2022இல் கோதுமைக்கு இந்த எல்சி வழி திறந்திருந்தது. முன்தேதி போட்ட எல்சிகள் வருவதாகத் தெரிந்ததும் எல்லாவற்றையும் நேரடியாகச் சரிபார்க்க உத்தரவு போட்டார்கள். ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கும் அதனால் தாமதம். 2023இல் வெள்ளை அரிசி அறிவிக்கை இன்னும் கறார். 1.05 பத்தி பொருந்தாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கு, ஷிப்பிங் பில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்) போட்டுக் கப்பலும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த சரக்கு, ஜூலை 20 இரவு 21:57:01 மணிக்கு முன் சுங்கத்திடம் ஒப்படைத்துக் கணினியில் ஏறிய சரக்கு ஆகியவற்றுக்குத்தான் விலக்கு. நொடிக் கணக்கு வைத்துக் கோடு கிழித்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியைத் தாண்டிக்கொண்டிருக்கும் லாரி அந்தக் கோட்டுக்கு வெளியே, அதற்கு விலக்கு இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை. ஒன்று, ஒப்பந்தத்தில் அரசுத் தடை வந்தால் இரு தரப்பும் இழப்பீடு இல்லாமல் விலகலாம் என்றும், வாங்கிய முன்பணத்தை எத்தனை நாளில் திருப்புவது என்றும் தெளிவாக எழுதுங்கள். இரண்டு, புதிதாக ஏற்றுமதி வரி போட்டால் அது யார் தலையில் என்று எழுதுங்கள். புழுங்கல் அரிசிக்கு 20 சதவீதம் வந்தபோது தகராறு எழுந்ததே இந்த வாசகம் இல்லாத ஒப்பந்தங்களில்தான். மூன்று, ஆறு மாதத்துக்கு ஒரே விலை என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; கன்டெய்னர் கன்டெய்னராகப் பேசுங்கள். வாங்குபவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

4. பதிவுகள்: இந்த வரிசையில்

முதலில் நிறுவனத்தின் பெயரில் பான், நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி. மூன்றிலும் பெயரும் முகவரியும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. "தருமபுரி" என்று ஒன்றிலும் "தர்மபுரி" என்று இன்னொன்றிலும் ஆங்கில எழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள்; பின்னால் வங்கி ஆவணத்தில் இடிக்கும்.

அடுத்து ஐஇசி என்னும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. டிஜிஎஃப்டி தளத்தில் நீங்களே போடலாம், கட்டணம் 500 ரூபாய். பான் எண்ணேதான் ஐஇசி எண். ரத்து செய்த காசோலையும் முகவரிச் சான்றும் போதும். இதற்குப் பல ஆயிரம் கேட்கும் இடைத்தரகர்கள் ஓசூரிலும் இருக்கிறார்கள், தர்மபுரியிலும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐஇசி விவரத்தை உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். விட்டால் செயலிழந்துவிடும், அது சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் தெரிய வரும்.

பிறகு எபீடா உறுப்பினர் சான்றிதழ், அதாவது ஆர்சிஎம்சி. தானியம் எபீடாவின் கீழ் வரும். கட்டணம் 5,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் பலர் தடுமாறுகிறார்கள். மில்லுக்கு ஏற்கெனவே மாநில உரிமம் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். ஏற்றுமதியாளருக்கு மத்திய உரிமம் வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 7,500 ரூபாய். விண்ணப்பத்தில் ஏற்றுமதியாளர் என்ற பிரிவைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வங்கியிடம் ஏடி கோடு (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் குறியீடு) கடிதம் வாங்கி, சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் நீங்கள் பயன்படுத்தப் போகும் துறைமுகத்துக்குப் பதிவு செய்யுங்கள். சென்னைக்குப் பதிந்துவிட்டுக் காட்டுப்பள்ளியில் ஷிப்பிங் பில் போட முடியாது, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். சிறிய ஊர்க் கிளைகளில் இந்தக் கடிதம் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளை எதுவென்று கேட்டு அங்கே நேராகப் பேசுங்கள்.

கடைசியாக ஜிஎஸ்டி தளத்தில் எல்யுடி, அதாவது ஆர்எஃப்டி-11 படிவம். கட்டணம் இல்லை. இதைப் போட்டால் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். நிதியாண்டுக்கு நிதியாண்டு புதுப்பிக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் மறக்காதீர்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனாலும் இந்தப் படிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

5. சரக்கு வாங்குவது

மானாவாரி ராகி அறுவடை கார்த்திகையில் தொடங்கித் தை வரை போகும். சாமை அதற்கு முன்பே வந்துவிடும். விலை குறைவாக இருக்கும் அந்த நேரம்தான் பொங்கலும் வருகிறது. பொங்கலுக்கு முன்னும் பின்னும் லோடுமேன் கிடைக்க மாட்டார், லாரி கிடைக்காது. கப்பல் தேதியை அந்த வாரத்தில் வைக்காதீர்கள்.

ராகிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு: 2024–25க்குக் குவிண்டால் 4,290 ரூபாய், 2025–26க்கு 4,886. நம் இரு மாவட்டங்களிலும் நுகர்பொருள் வாணிபக் கழகம் ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. அதற்குக் கீழே விலை பேசினால் நல்ல சரக்கு உங்களிடம் வராது, கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். கணக்கை அந்த விலையிலிருந்தே தொடங்குங்கள். சாமைக்கெனத் தனி ஆதரவு விலை கிடையாது. பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கம் வியாபாரி சொல்வதுதான் விலை, அதனால் ஏற்ற இறக்கமும் அதிகம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் வாங்கினால் ஒரே தரத்தில் கிடைக்கும், பில்லும் முறையாகக் கிடைக்கும்.

சாமையை அரிசியாக்கும்போது எடை எவ்வளவு விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் நூறு கிலோவுக்கு அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி வந்தால் நல்ல சாமை. கிலோ விலை சொல்லும் முன் இரண்டு மூட்டையை மில்லில் ஓட்டிப் பாருங்கள்.

ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் உள்ளதை ஏற்றாதீர்கள். தார் ரோட்டில் அடித்துக் காயவைத்த ராகியில் நுண்கல் இருக்கும், கல் நீக்கும் எந்திரத்தில் இரண்டு முறை விட வேண்டும். வெளிநாட்டில் ஒரு பாக்கெட்டில் கல் கடிபட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

6. ஆய்வகமும் "குளூட்டன் இல்லை" என்ற வாசகமும்

என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு, பூச்சிமருந்து எச்சம், ஈரப்பதம் ஆகியவற்றைச் சோதியுங்கள். எந்த நாட்டுக்கு என்று சொல்லி அந்த நாட்டு வரம்பின்படி அறிக்கை கேட்க வேண்டும். மாதிரியை வாங்கிய சரக்கிலிருந்து எடுங்கள், வாங்கப்போகும் சரக்கிலிருந்து அல்ல.

ராகியில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆனால் நம் மில்களில் அதே எந்திரத்தில் காலையில் கோதுமை, மதியம் ராகி ஓடும். அந்த மாவுப் பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருப்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. தனி எந்திரம் இல்லாதவர்கள் அந்த வாசகத்தை விட்டுவிடுவதே நல்லது. வளைகுடா நாடுகளுக்கு அரபு மொழி லேபிளும் வேண்டும். ஒட்டுத்தாள் அனுமதியா, அச்சிட்டதே வேண்டுமா என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காலாவதித் தேதியையும் யோசித்து வையுங்கள். ராகி தானியமாக நெடுநாள் நிற்கும், உமி நீக்கிய சாமை அப்படியல்ல, காறல் வாசம் பிடித்துவிடும்.

7. பணம்

முதல் ஆர்டருக்கு முன்பணம் இல்லாமல் இறங்காதீர்கள். முப்பது சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) நகல் காட்டியதும் என்பது வழக்கம். மூல பில் ஆஃப் லேடிங் உங்கள் கையில் இருக்கும் வரை சரக்கு உங்களுடையது. மீதிப் பணம் வருவதற்கு முன் அதைக் கூரியரில் அனுப்பிவிட்டால் பிறகு கெஞ்ச வேண்டியதுதான். புதிய வாங்குபவர் என்றால் வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இசிஜிசி காப்பீடு பற்றி வங்கியில் விசாரியுங்கள். பதிவுக் கட்டணம், டெண்டர் கட்டணம் என்று வாங்குபவரே உங்களிடம் பணம் கேட்டால் அவர் வாங்குபவர் அல்ல.

விலையை எஃப்ஓபியில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையான செலவை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். கப்பல் வாடகை வாரத்துக்கு வாரம் மாறும், முதல் ஆர்டரிலேயே அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம்.

கன்டெய்னர் அளவுக்கு இன்னும் வரவில்லை என்றால் அஞ்சலகம் வழியாகத் தொடங்கலாம். டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களில் சிறு பார்சல்களுக்குச் சுங்க வேலையும் சேர்ந்தே முடியும். மாதிரி அனுப்ப இது போதும்.

8. புகையூட்டல், பயிர்நலச் சான்று, துறைமுகம்

தானியமாகப் போகும் சரக்குக்குப் பெரும்பாலும் பயிர்நலச் சான்று கேட்பார்கள். இங்கே எல்லோரும் ஃபைட்டோ என்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள் இருக்கின்றன, விண்ணப்பம் ஆன்லைனில். அதற்கு முன் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் புகையூட்டல் சான்று வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்தால் பல நாள் மூடி வைக்க வேண்டும். மெத்தில் புரோமைடு விரைவில் முடியும், ஆனால் எல்லா நாடுகளும் அதை ஏற்பதில்லை. எது வேண்டும் என்பதை வாங்கும் நாட்டின் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், உங்கள் அவசரத்தைப் பார்த்து அல்ல. மரப் பலகைகள் வைத்தால் அவற்றில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48 நேராகச் சென்னைக்குப் போகிறது. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு ஒயிட்ஃபீல்டு உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம் பக்கம். முதல் முறை கன்டெய்னரை மில்லுக்கே வரவழைக்க வேண்டாம். அதற்கு மின்முத்திரை, சுய முத்திரை அனுமதி எல்லாம் தேவை. லாரியில் சென்னைக்கு ஏற்றி, அங்குள்ள கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் கன்டெய்னருக்கு மாற்றுங்கள். ஏற்றும்போது ஒருவர் நேரில் நிற்க வேண்டும். காலிக் கன்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லி ஒளி எங்காவது வருகிறதா என்று பாருங்கள், வாசம் பிடித்துப் பாருங்கள். முந்தைய சரக்கு ரசாயனமாக இருந்தால் மாவு அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே தாள் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் தேடுபவர்களுக்கு ஒரு வசதி: மாங்கூழ் ஏற்றுமதியால் கிருஷ்ணகிரிக்கு உணவுச் சரக்கு தெரிந்த ஏஜென்ட்டுகள் பழக்கம். ஆனால் மாங்கூழ் சீசனில் உங்கள் ஒற்றைக் கன்டெய்னரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கட்டணத்தை வகைவாரியாக எழுதி வாங்குங்கள்: ஏஜென்சி, துறைமுகக் கையாளுதல், ஆவணம், புகையூட்டல், எடைச் சான்று. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்பவரின் பில்லில் கடைசியில் புதுச் செலவுகள் முளைக்கும்.

கப்பலுக்கு முன் தேதி வாரியாகப் பார்த்தால், ஆய்வக அறிக்கை மூன்று வாரம் முன்பே கையில் இருக்கட்டும். இரண்டு வாரம் முன் கப்பலில் இடம் பதிவு. பத்து நாள் முன் புகையூட்டல். துறைமுகக் கதவு மூடும் நேரத்துக்கு மூன்று நாள் முன் லாரி சென்னையில் நிற்க வேண்டும். தாமதமானால் கன்டெய்னர் வாடகை நாள்கணக்கில் ஏறும், டாலரில்.

9. கப்பல் போன பிறகு

பில் ஆஃப் லேடிங் வரைவு வந்ததும் பெயர், எடை, மூட்டை எண்ணிக்கை எல்லாவற்றையும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிறப்பிடச் சான்று, ஃபைட்டோ ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். திருத்தம் இப்போது எளிது. அச்சான பிறகு கட்டணம். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற வர்த்தக ஒப்பந்த நாடு என்றால் சலுகைப் பிறப்பிடச் சான்று எடுங்கள், வாங்குபவருக்கு வரி குறைந்தால் விலை பேச இடம் கிடைக்கும். ஆவணங்களை வங்கியில் 21 நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள்.

பணம் வந்ததும் வங்கியில் அந்த வரவை ஷிப்பிங் பில்லோடு இணைக்கச் சொல்ல வேண்டும், தானாக நடக்காது. பிறகு டிஜிஎஃப்டி தளத்தில், பணம் வந்ததற்கான சான்றான இ-பிஆர்சி. இது முடியாமல் கிடந்தால் அந்த ஷிப்பிங் பில் நிலுவைப் பட்டியலில் நிற்கும், அடுத்த கன்டெய்னருக்கு வங்கி கேள்வி கேட்கும். பேக்கிங் பைகளுக்கும் ஏஜென்ட் கட்டணத்துக்கும் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற ஆர்எஃப்டி-01 போடுங்கள். அதற்கு ஷிப்பிங் பில், இ-பிஆர்சி, எல்யுடி மூன்றின் நகலும் ஆடிட்டர் கேட்பார்.